273-ஐ எங்கே கூட்டுவது? விடைக்குறிப்பு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

திருப்புதல் தேர்வுக்கான இயற்பியல் விடைக்குறிப்பைத் தயாரித்த பாடக்குழுவினருக்கு,

நீங்கள் அனுப்பிய பதினொன்றாம் வகுப்பு விடைக்குறிப்பில் ஒரு மூன்று மதிப்பெண் கணக்கு தவறாக இருக்கிறது. இதை இரண்டு முறை எழுத்தில் தெரிவித்தேன். ஒருமுறை தொலைபேசியிலும் பேசினேன். "ஒரு கணக்குக்கு ஏன் மேடம் இவ்ளோ டென்ஷன்? ரிவிஷன் தானே, ஆனுவல் இல்லையே" என்ற பதில்தான் வந்தது. அந்தப் பதிலோடு நானும் சும்மா இருந்திருப்பேன். போன வாரம் என் வகுப்பில் நடந்த ஒன்றைப் பார்த்த பிறகு முடியவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் 2 கிலோகிராம் நீரை 80 டிகிரிக்குச் சூடாக்க எவ்வளவு வெப்பம் தேவை? நீரின் தன்வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு கிலோகிராமை ஒரு கெல்வின் உயர்த்தத் தேவையான வெப்பம், 4,200 ஜூல். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடும். நிறை, தன்வெப்ப ஏற்புத்திறன், வெப்பநிலை மாற்றம் மூன்றையும் பெருக்கினால் 2 × 4,200 × 50. விடை 4,20,000 ஜூல்.

செல்சியஸில் உள்ள ஒரு வெப்பநிலையைக் கெல்வினில் சொல்ல 273-ஐக் கூட்டுவோம். உங்கள் விடைக்குறிப்பில் இரண்டாவது வரி இப்படி இருக்கிறது: "வெப்பநிலை மாற்றம் = 80 – 30 = 50 டிகிரி செல்சியஸ் = 50 + 273 = 323 கெல்வின்." மூன்றாவது வரியில் 2 × 4,200 × 323. விடை 27,13,200 ஜூல். சூத்திரத்துக்கு ஒன்று, பிரதியிடலுக்கு ஒன்று, அலகோடு சேர்ந்த விடைக்கு ஒன்று என்று ஸ்டெப் மார்க்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

விடைத்தாள்கள் பள்ளி மாற்றித் திருத்தப்பட்டன. என் வகுப்பில் சரியாகப் போட்ட எல்லாருக்கும் மூன்றுக்கு ஒன்றுதான் வந்தது, அதுவும் சூத்திரம் எழுதியதற்காக. திருத்திய ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். கையில் நாற்பது கட்டு, மாலைக்குள் மதிப்பெண் பட்டியல் போக வேண்டும். அவர் கீயைப் பார்த்துத் திருத்தினார். கீயை எழுதியது நீங்கள்.

27,13,200 ஜூல் என்பது எவ்வளவு என்று எழுதும்போது யாராவது ஒரு நொடி நினைத்துப் பார்த்தீர்களா? 30 டிகிரியில் இருக்கும் 2 கிலோகிராம் நீர் கொதிநிலையைத் தொடவே 5,88,000 ஜூல் போதும். மீதி 21 லட்சத்துச் சொச்சம் ஜூல் என்ன செய்யும்? ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 22,60,000 ஜூல் வேண்டும். ஆக, நீங்கள் சொன்ன வெப்பத்தை அந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்தால் தண்ணீர் 80 டிகிரியில் நிற்காது. கொதித்து, கிட்டத்தட்ட பாதி ஆவியாகிப் போயிருக்கும். சமையலறையில் நிற்கிற யாருக்கும் இது இடிக்கும்.

பிள்ளைகள் நம்பட்டும் என்று வகுப்பிலேயே செய்து காட்டினேன். ஆசிரியர் அறையில் டீ போடுகிற 1,500 வாட் கெட்டிலை எடுத்து வந்து, அளந்து ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, ஆய்வக வெப்பமானியை உள்ளே தொங்கவிட்டோம். 30-இலிருந்து 80-க்குப் போக, வெப்ப இழப்பே இல்லையென்றால் 140 விநாடி ஆக வேண்டும். எங்களுக்கு 2 நிமிடம் 40 விநாடி ஆனது. காற்றும் கெட்டிலும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டன, சரி. உங்கள் கணக்குப்படி அது 15 நிமிடம் ஆகியிருக்க வேண்டும். "15 நிமிஷம் வெச்சா ஆசிரியர் அறைக்கு டீ கிடைக்காது மிஸ், ஆவிதான் கிடைக்கும்" என்றான் பின்பெஞ்சில் ஒருவன். மதிப்பெண் போடச் சொல்லியிருந்தால் அவனுக்கு மூன்றும் போட்டிருப்பேன்.

தொலைபேசியில் பேசியவர் சொன்ன காரணம் இது: "எஸ்.ஐ. அலகுல கெல்வின்னு இருக்கு. செல்சியஸ்ல குடுத்தா மாத்தித்தான் ஆகணும்." இந்த வாதத்தை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. இதே வாக்கியத்தை என் முதல் சில வருடங்களில் நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். வாயுவின் பருமன் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் மாறும் என்ற சார்லஸ் விதிக் கணக்கில் பிள்ளைகள் 273-ஐக் கூட்ட மறந்துவிடுகிறார்கள். 27 டிகிரியை 54 ஆக்கினால் வாயுவின் பருமன் இரண்டு மடங்காகும் என்று எழுதுகிறார்கள். உண்மையில் 300 கெல்வின் 327 கெல்வினாக மாறுகிறது, பருமன் நூற்றுக்கு ஒன்பது பங்குதான் கூடும். இந்தத் தவற்றை அடக்க "வெப்பநிலை என்று எங்கே பார்த்தாலும் கண்ணை மூடிக்கொண்டு 273 கூட்டு" என்று நாமே ஒரு குறுக்குவழி சொல்லிக் கொடுத்தோம். கண்ணை மூடச் சொன்னது நாம்தான். அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று ஆசிரியர்கள், சிலர் விடைக்குறிப்பும் எழுதுகிறார்கள். ஆகவே இந்தப் பிழையில் எனக்கும் பங்குண்டு என்ற நினைப்போடுதான் எழுதுகிறேன்.

வாயு விதிகளிலும், வெப்பக் கதிர்வீச்சிலும், வெப்பத்தை வேலையாக மாற்றும் கார்னோ எந்திரத்தின் பயனுறுதிறனிலும் வருவது வெப்பநிலை. அது எந்தச் சுழியிலிருந்து (பூஜ்ஜியத்திலிருந்து) எண்ணப்படுகிறது என்பது அங்கே உயிர்நாடி. தன்வெப்ப ஏற்புத்திறன் கணக்கில் வருவது வெப்பநிலையின் மாற்றம். கழித்தவுடன் சுழி காணாமல் போய்விடுகிறது. 80 – 30 என்றாலும் 50, 353 – 303 என்றாலும் 50. வேண்டுமானால் இரண்டு வெப்பநிலைகளையும் கெல்வினுக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். வீண் வேலை, ஆனால் விடை சரியாக வரும். கழித்து முடித்த பிறகு 273-ஐக் கூட்டுவதுதான் குற்றம்.

இதை வகுப்பில் விளக்க நான் வைத்திருக்கும் உதாரணம் திருவள்ளுவர் ஆண்டு. அக்கா பிறந்தது 2008, தம்பி 2013. ஐந்து வயது வித்தியாசம். திருவள்ளுவர் ஆண்டுக்கு மாற்ற 31 கூட்ட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். அக்கா 2039, தம்பி 2044, வித்தியாசம் அப்போதும் ஐந்துதான். இப்போது யாராவது வந்து, "வித்தியாசத்தையும் திருவள்ளுவர் ஆண்டில் சொல்ல வேண்டும்" என்று ஐந்தோடு 31-ஐக் கூட்டி, தம்பி அக்காவைவிட 36 வயது இளையவன் என்றால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? உங்கள் இரண்டாவது வரி அதைத்தான் செய்திருக்கிறது.

காய்ச்சலும் அப்படித்தான். நம் வீடுகளில் காய்ச்சலை இன்னும் ஃபாரன்ஹீட்டில்தான் பார்க்கிறோம், வெயிலைச் செல்சியஸில் பார்க்கிறோம். காலையில் 103 இருந்தது மாலையில் 101 ஆனால் "ரெண்டு டிகிரி இறங்கிடுச்சு" என்று அம்மாக்கள் மூச்சு விடுவார்கள். அந்த இரண்டு டிகிரி இறக்கம் செல்சியஸில் ஏறத்தாழ 1.1. வெப்பநிலையை மாற்றும் சூத்திரத்தில் 2-ஐப் போட்டால் சுழிக்குக் கீழே 16.7 என்று வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் சுழிக்குக் கீழே 16.7 டிகிரி இறங்கிவிட்டது என்று எந்தத் தாயிடமாவது சொல்லிப் பாருங்கள். இன்னும் பெரிய உதாரணம் வேண்டுமென்றால், 2015 பாரிஸ் உடன்பாடு புவியின் சராசரி வெப்பநிலை உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தப் பாடுபட வேண்டும் என்றது. அந்த 1.5 டிகிரி செல்சியஸ் உயர்வு, 1.5 கெல்வின் உயர்வுதான். உங்கள் முறைப்படி அது 274.5 கெல்வின் உயர்வு. அதற்கு மாநாடு கூட்டிப் பயனில்லை, கூட யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆய்வகத்துக்கு வாருங்கள். அங்கேதான் இந்தப் பிழை என்ன அழிவு செய்கிறது என்று தெரியும். கலவை முறையில், 100 டிகிரிக்குச் சூடாக்கிய 200 கிராம் செம்பை, 30 டிகிரியில் இருக்கும் 100 கிராம் தண்ணீரில் போடுகிறோம் என்று வையுங்கள். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று கலோரிமீட்டர் (கலக்கும் பாத்திரம்) எடுத்துக்கொள்ளும் வெப்பத்தை ஒதுக்குகிறேன். கலவை ஏறத்தாழ 40.8 டிகிரியில் நிற்கும். தண்ணீர் 10.8 ஏறியது, செம்பு 59.2 இறங்கியது. கணக்கு போட்டால் செம்பின் தன்வெப்ப ஏற்புத்திறன் 383 என்று வருகிறது, அட்டவணையில் இருக்கும் 385-க்கு அருகில். செம்புக்குப் பதில் அதே அளவு ஈயத்தைப் போட்டால் கலவை 34.1 டிகிரியில் நிற்கும். ஈயத்துக்கு ஏறத்தாழ 130 வரும். செம்பு ஈயத்தைப்போல மூன்று பங்கு வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் என்பது அந்தச் சோதனை நமக்குச் சொல்லும் சேதி. கையில் பிடித்துப் பார்த்தால் தெரியாத ஒன்றை ஒரு வெப்பமானி சொல்லிவிடுகிறது. எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிற விஷயம் இது.

இப்போது மாற்றங்களின் தலையில் 273-ஐ ஏற்றுங்கள். செம்புக்கு 1,794. ஈயத்துக்கு 1,717. முதலில், இரண்டுமே அபத்தம், செம்பு அலுமினியத்தைவிட இரண்டு மடங்கு என்றாகிறது. அதைவிட மோசம், செம்புக்கும் ஈயத்துக்கும் இருந்த மூன்று மடங்கு வேறுபாடு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே சுருங்கிவிட்டது. 10.8-உம் 4.1-உம் 273-க்குள் மூழ்கிப் போகின்றன. இரும்பைப் போட்டாலும் பித்தளையைப் போட்டாலும் ஏறக்குறைய இதே எண்தான் வரும். எந்தக் கேள்விக்காகச் சோதனை செய்தோமோ அந்தக் கேள்வியே அழிந்துவிடுகிறது. பதினொன்றாம் வகுப்புச் செய்முறையில் இருக்கும் நியூட்டனின் குளிர்வு விதிக்கும் இதே கதிதான். அறை வெப்பநிலையைவிடக் கலோரிமீட்டர் நீர் எவ்வளவு மிகுந்திருக்கிறது என்பதுதான் அங்கே வரைபடம். அந்த மிகுதியில் 273-ஐக் கூட்டினால், குளிரும் வேகம் மிகுதிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற விதியே பொருந்தாமல் போகும்.

கெல்வின் இல்லாமல் தன்வெப்ப ஏற்புத்திறனே இல்லை என்பது போல ஒரு எண்ணம் உங்கள் குறிப்பில் தெரிகிறது. கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக், ஒரே அளவு வெப்பம் எல்லாப் பொருளையும் ஒரே அளவு சூடாக்குவதில்லை என்று 1760-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டறிந்தபோது அவர் கையில் இருந்தது ஃபாரன்ஹீட் வெப்பமானி. பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் பிறந்ததே 1824-இல். ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-இல் முன்வைத்த அளவுகோலில் கொதிநீர் சுழி, பனிக்கட்டி 100. தலைகீழ்! பிறகுதான் திருப்பி வைத்தார்கள். அந்தத் தலைகீழ் அளவுகோலில்கூட 50 பிரிவு 50 பிரிவுதான், குறி மட்டும் மாறும்.

இன்னொரு பிழை, சிறியது, ஆனால் வலித்தது. ஒரு மாணவன் இரண்டு மதிப்பெண் வினாவில் தன்வெப்ப ஏற்புத்திறனின் அலகை "ஜூல் / கிலோகிராம் டிகிரி செல்சியஸ்" என்று எழுதியிருந்தான். அரை மதிப்பெண் வெட்டப்பட்டது. அளவைகளுக்கான பன்னாட்டு விதி என்ன சொல்கிறது? டிகிரி செல்சியஸ் என்ற அலகின் அளவு, கெல்வினின் அளவுக்குச் சமம். வெப்பநிலை வேறுபாட்டை எதில் வேண்டுமானாலும் சொல்லலாம், எண் மாறாது. நாம் விரும்பி வழக்கத்துக்குக் கெல்வினை எழுதச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். எழுதாதவனுக்குத் தவறு என்று போடக்கூடாது. வேடிக்கை என்னவென்றால், அவனுக்கு அரை மதிப்பெண்ணை வெட்டிய அதே விடைக்குறிப்பின் அடுத்த பக்கத்தில் "டிகிரி கெல்வின்" என்று அச்சாகியிருக்கிறது. அந்த "டிகிரி"யை 1967-68-இல் நடந்த எடைகள், அளவுகளுக்கான பொது மாநாடே எடுத்துவிட்டது. வெறும் கெல்வின்தான். வெப்பநிலைக்கும் அதே பெயர், வேறுபாட்டுக்கும் அதே பெயர் என்று அன்றே முடிவானது. மாணவன் எழுதிய சரிக்கு அரை போயிற்று, நாம் எழுதிய பிழைக்கு யார் வெட்டுவது?

இனி, போன வாரம் நடந்தது. அந்தத் தேர்வில் 4,20,000 என்று எழுதி இரண்டு மதிப்பெண் இழந்த ஒரு மாணவி என் வகுப்பில் இருக்கிறாள். அப்பா கட்டட வேலை. காலையில் தங்கையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் இவள் கிளம்புவாள், அதனால் முதல் பீரியட் பாதி போய்விடும். போன பாதியை மதியம் என்னிடம் வந்து கேட்டு எழுதிக்கொள்வாள். சூத்திரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற சிலரில் அவளும் ஒருத்தி. போன வாரம் நான் ஒரு சின்னத் தேர்வு வைத்தேன். 500 கிராம் இரும்பு, 20 டிகிரி உயர்வு, அவ்வளவுதான் கணக்கு. அவள் 20-க்கு அடியில் நேர்த்தியாக 293 என்று எழுதியிருந்தாள்.

கூப்பிட்டுக் கேட்டேன். "தப்புன்னு தெரியும் மிஸ். ஆனா கீல அப்படித்தானே இருக்கு. ஆனுவல்ல வேற யாராவது திருத்தினா?" என்றாள்.

கெட்டிலை வைத்துக் காட்டிய வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து விநாடி எண்ணியவள் அவள்தான். கண்ணால் கண்டதைவிட உங்கள் தாளுக்குத்தான் அவள் கட்டுப்பட்டாள். அவள் நிலையில் யோசித்தால் அது புத்திசாலித்தனம்கூட. எனக்கு அன்று பதில் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்லவேண்டியவர்கள் நீங்கள்.

கேட்பது இவைதான். அந்தக் கணக்குக்குத் திருத்திய விடைக்குறிப்பை, "முந்தைய விடை தவறு" என்ற சொற்களோடு, அந்தத் தேர்வு நடந்த எல்லாப் பள்ளிகளுக்கும் எழுத்தில் அனுப்புங்கள். சத்தமில்லாமல் அடுத்த தேர்வில் சரிசெய்துவிட்டுப் போவது போதாது, அந்தத் தாளைப் பார்த்துப் படித்த பிள்ளைகள் அதைச் சரி என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 4,20,000 ஜூல் என்று எழுதிய எல்லாருக்கும் மூன்று மதிப்பெண்ணும் கொடுக்கச் சொல்லுங்கள். 27,13,200 எழுதியவர்களிடமிருந்து மதிப்பெண்ணைப் பிடுங்க வேண்டாம், அது அவர்கள் குற்றமல்ல.

தன்வெப்ப ஏற்புத்திறனின் அலகில் கெல்வினையோ டிகிரி செல்சியஸையோ எழுதினாலும் முழு மதிப்பெண் என்று விடைக்குறிப்பிலேயே ஒரு வரி சேருங்கள். "டிகிரி கெல்வின்" எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் டிகிரியை எடுத்துவிடுங்கள்.

எந்தக் கீயும் பள்ளிகளுக்குப் போகும் முன், அதைத் தயாரிக்காத ஓர் ஆசிரியர் கையால் எல்லாக் கணக்குகளையும் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம், ஒரு சனிக்கிழமை போதும்.

அடுத்த திருப்புதல் தேர்வின் ஒரு மதிப்பெண் பகுதியில் இந்த வினாவைச் சேருங்கள்: ஒரு பொருளின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், கெல்வினில் அதன் உயர்வு எவ்வளவு? அ) 283 ஆ) 10 இ) 263 ஈ) 273. கீயில் ஆ என்று போட்டு, அதற்குக் கீழே ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்தத் தாளை என் மாணவியிடம் காட்ட வேண்டும்.

அடுத்த தேர்வுக்கு வினாத்தாள் கட்டுகள் பிரியும் நாளுக்கு முன் பதிலை எதிர்பார்க்கிறேன். மதிப்பெண் வெட்டப்பட்ட இரண்டு விடைத்தாள்களின் நகலையும், உங்கள் விடைக்குறிப்பின் பக்கத்தையும், பெயர்களை மறைத்து, இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியை